மைதானத்தில் எடுபடும் ராக் பாட்டு எது? ஏன் சிலது மட்டும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது?

இடிதாளம்

ஹெட்போனில் கேட்டால் மயிர்க்கூச்செறியும் எத்தனையோ ஹெவி மெட்டல் பாட்டுகள் மைதானத்தில் போட்டதும் வெறும் இரைச்சலாகிவிடுகின்றன. அதே மைதானத்தில் இரண்டு மிதி, ஒரு தட்டு என்று ஓடும் 1977-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றுக்கு மொத்த ஸ்டாண்டும் எழுந்து நிற்கிறது. ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. இசைக்குழுவின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என் கட்சி இதுதான்: மைதானத்தில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது தூரம். அங்கே ஒலி போய்ச்சேர எடுக்கும் நேரத்தைத் தாங்கும் பாட்டு நிற்கும், தாங்காதது கரையும். கால்பந்து, கிரிக்கெட், பேஸ்பால் எதுவானாலும் இதே கதைதான். எந்த வேகம், எந்த மாதிரி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார்த் துணுக்கு), எத்தனை விநாடி வெட்டுவது, எங்கே சொதப்புகிறது என்று கணக்கோடு பேசலாம்.

தூரக்கணக்கு

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். கால்பந்துத் தரையின் நீளம் 105 மீட்டர். இரு கோல்களுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டுகளுக்கு நடுவே குறைந்தது 120 மீட்டர் வரும். அதாவது எதிர் ஸ்டாண்டில் தட்டிய கை இங்கே கேட்க 0.35 விநாடி. பவுண்டரி முதல் பவுண்டரி வரை 140 மீட்டர் உள்ள கிரிக்கெட் மைதானத்தில் 0.4 விநாடியைத் தாண்டும்.

இதைப் பாட்டின் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 தாள அடி ஓடும் மெட்டல் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் 0.33 விநாடிதான். எதிர் ஸ்டாண்ட் ஒரு முழு அடி பின்தங்கியிருக்கும். அவர்களுக்கு ஒன்று, நமக்கு இரண்டு. கூட்டம் எந்த அடியைப் பிடிப்பது? காது பக்கத்து ஆளைக் கேட்கும், எதிர்ப்பக்கத்தையும் கேட்கும், இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துகொண்டு மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்கும். பெருங்கூட்டம் கை தட்டும்போது தாளம் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். சோம்பலும் இல்லை, லயஞானம் இல்லாததும் இல்லை. ஒவ்வொருவரும் எதிரொலிக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறார்கள், அவ்வளவே.

நாலாம்வரிசை

வெயில் நாளில் ஒலி வேகமாகப் போகுமே, அதைச் சேர்க்க வேண்டாமா?

தூரக்கணக்கு

ஒரு டிகிரிக்கு விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரியில் 352. நூறு மீட்டருக்கு மிச்சமாவது 0.01 விநாடிகூட இல்லை. கூட்டத்தின் தாளத்துக்கு இது பொருட்டே இல்லை. காற்று வீசும் திசைதான் உண்மையான தொல்லை, அது தொலைவில் ஒலியை வளைத்து மேலே தூக்கிவிடும், சில வரிசைகளுக்கு உச்ச ஸ்தாயியே போய்ச்சேராது.

பக்கவாத்தியம்

இடிதாளம் சொன்ன 1977 பாட்டு குயீன் குழுவின் 'வீ வில் ராக் யூ'. அதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் அதை எழுதிய குயீன் கிதார் கலைஞர் பிரையன் மேயின் வேலை புரியும். வேகம் நிமிடத்துக்கு 81 அடியை ஒட்டி வரும். ஓர் அடிக்கு 0.74 விநாடி, அரையடிக்கு 0.37. நடை இப்படி: மிதி, மிதி, தட்டு, மௌனம். நாலும் அரையடி அரையடியாக.

இப்போது எதிர் ஸ்டாண்டின் 0.35 விநாடித் தாமதத்தைச் சேருங்கள். அவர்களின் முதல் மிதி நம் இரண்டாவது மிதியின் மேல் வந்து விழும். அவர்களின் இரண்டாவது மிதி நம் தட்டின் மேல் விழும். அவர்களின் தட்டு நம் மௌனத்தில் விழும். எதுவும் எதையும் கெடுக்கவில்லை! அந்த மௌனம்தான் பாட்டின் உயிர். எதிரொலி உட்கார அங்கே இடம் இருக்கிறது. மௌனத்தையும் ஒரு மிதியால் நிரப்பிப் பாருங்கள், நாலே சுற்றில் எல்லாம் கூழாகும்.

பதிவு செய்த விதமும் இதே சிந்தனைதான். லண்டனின் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவில் பழைய மரப்பலகைகளின் மேல் மிதித்துப் பலமுறை பதிந்தார்கள். ரிவெர்ப் (செயற்கை முழக்கம்) போட்டுக் கூட்டம் மாதிரி ஆக்காமல், பகா எண்களை ஒட்டிய இடைவெளிகளில் சிறுசிறு தாமதங்களை அடுக்கினார்கள். ஒன்றுக்கொன்று மடங்காக வராத தாமதங்கள் என்பதால் எதிரொலி மாதிரி கேட்காது, பலர் பல தூரங்களில் நின்று மிதிப்பதாகக் கேட்கும். மே இயற்பியல் படித்தவர், 2007-இல் விண்ணியற்பியலில் முனைவர் பட்டமும் முடித்தார். பாட்டுக்கான பொறி, ஸ்டாஃபர்டின் பிங்லி ஹாலில் நடந்த ஒரு கச்சேரிக்குப் பின் கூட்டம் தானாகவே 'யூல் நெவர் வாக் அலோன்' பாடியது. லிவர்பூல் ரசிகர்கள் 1960-களிலிருந்து பாடும் அதே பாட்டு. விளையாட்டு ஸ்டாண்டிலிருந்து ராக் மேடைக்கு வந்து, திரும்ப ஸ்டாண்டுக்கே போன வழி அது.

நாலாம்வரிசை

அப்படியானால் 'செவன் நேஷன் ஆர்மி'யின் பேஸ் கிதார் ரிஃப்? அது அவ்வளவு மெதுவில்லையே.

கம்பிக்கருவி

முதலில் ஒரு திருத்தம்: அது பேஸ் கிதார் இல்லை. அந்தப் பாட்டின் குழுவான த ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் பேஸ் வாசிப்பவரே கிடையாது, இரண்டே பேர். ஜாக் ஒயிட் சாதாரண கிதாரை, சுருதியை மாற்றும் வாமி பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தது. பாட்டு வெளிவந்தது 2003-இல்.

வேகம் சுமார் 124, ஓர் அடிக்கு 0.48 விநாடி. காகிதத்தில் பார்த்தால் வேகமான பாட்டுதான். ஆனால் ரிஃப்பைப் பிரித்துப் பாருங்கள். ஏழே சுரம்: ஈ, ஈ, ஜி, ஈ, டி, சி, பி. கடைசி இரண்டும் நீட்டல், ஒவ்வொன்றும் இரண்டு அடி. அதாவது சுற்றின் பாதி நேரம் ஒரு சுரத்தில் கிட்டத்தட்ட ஒரு விநாடி நின்று இறங்குவதுதான். முதல் பாதியில் முன்பின்னாகப் போன ஸ்டாண்டுகள் அந்த நீட்டலில் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன. பக்கவாத்தியம் சொன்ன மௌனம் செய்யும் வேலையை இங்கே நீட்டல் செய்கிறது.

இன்னொன்று வீச்சு. கீழ் பி-யிலிருந்து மேல் ஜி வரை எட்டு அரைச்சுரம்தான். குரல் பயிற்சி இல்லாத யாரும், தொண்டை கட்டியிருந்தாலும் பாடலாம். சுதி விலகினாலும் ரிஃப்பின் வடிவம் அடையாளம் தெரியும். சொல்லே வேண்டாம் என்பதால் மொழி தெரியாத ரசிகனுக்கும் தடையில்லை.

அது பயணப்பட்ட வழியும் அதைத்தான் காட்டுகிறது. 2003 அக்டோபரில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்காக மிலானுக்குப் போன கிளப் ப்ரூஹ என்ற பெல்ஜிய அணியின் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அணி 1-0 என்று வென்றதும் ஊருக்கும் கொண்டுபோனார்கள். 2006 பிப்ரவரியில் அங்கே விளையாட வந்த ரோமா அணி அங்கிருந்து எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது 'போ போ போ' என்று ஒரு நாடே பாடியது. தொடங்கிவைத்தது ரசிகர்கள்தான்.

கிதாரில் வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஐந்தாம் கம்பியான ஏ கம்பி ஒன்றே போதும். ஃப்ரெட்டுகள் 7, 7, 10, 7, 5, 3, 2. புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் தவறு கடைசி 3, 2 இரண்டையும் அவசரமாக வெட்டுவது. முழுதாக இரண்டிரண்டு அடி நிற்க வேண்டும்.

இடிதாளம்

அருமை. ஆனால் எதிர்வாதம் ஒன்றை நானே வைக்கிறேன். மெட்டாலிக்காவின் 'என்டர் சாண்ட்மேன்' 123, ஏசி/டிசியின் 'தண்டர்ஸ்ட்ரக்' 133-ஐ ஒட்டி. கிதார் முழுக்கப் பொடிச்சுரங்கள். இவை ஏன் மைதானத்தில் நிற்கின்றன?

மிக்ஸர்மேசை

கூட்டம் பாட வேண்டிய பாட்டு வேறு, கூட்டம் காத்திருக்க வேண்டிய பாட்டு வேறு. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. அங்கே கூட்டம் தாளத்தைச் சுமப்பதில்லை, ஸ்பீக்கர் சுமக்கிறது.

பேஸ்பால் அணியான நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் முடிவில் வந்து எதிரணியை மூடுகிற பந்துவீச்சாளர். 1999 முதல் 2013-இல் ஓய்வு பெறும்வரை அவர் களத்துக்குள் வந்தது 'என்டர் சாண்ட்மே'னுக்குத்தான். அந்தப் பாட்டு ஒற்றைக் கிதாரில் தொடங்கி, ஒவ்வொரு கருவியாகச் சேர்ந்து, முழு ரிஃப் வெடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும். வேலிக்கு அப்பாலிருந்து பந்து வீசும் நடுமேட்டுக்கு ஓடிவந்து, பயிற்சிப் பந்துகள் போடும் நேரத்துக்கு அந்த ஏற்றம் சரியாகப் பொருந்தும். அதே வேலை செய்த சான் டியேகோவின் ட்ரெவர் ஹாஃப்மனுக்கு 1998 முதல் ஏசி/டிசியின் 'ஹெல்ஸ் பெல்ஸ்': தொடக்கத்தில் வெறும் மணியோசை மட்டும். மணிக்கும் மணிக்கும் நடுவில் எத்தனை பெரிய எதிரொலி வந்தாலும் அழகுதான் கூடும். எதிரணி மட்டையாளன் அந்த இடைவெளியில் என்ன நினைப்பான் என்று யோசியுங்கள்.

மட்டையாளருக்கு இது செல்லாது. பேஸ்பாலில் அவர் நடந்துவரும் இசைக்கு 10 விநாடிதான். ஒரு நிமிடம் ஏறும் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே வெட்ட வேண்டிவரும். அங்கே முதல் அடியிலேயே முகம் காட்டும் ரிஃப் வேண்டும்.

அறிவிப்பாளர் பேச வேண்டிய இடத்துக்கு மூன்றாவது வகை: சொல் இல்லாதது. சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து வீரர்களை அறிமுகப்படுத்த ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்டின் 'சிரியஸ்' (1982) பயன்பட்டது அதனால்தான். பாடகரும் அறிவிப்பாளரும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் புரியாது.

பக்கவாத்தியம்

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லேன் ஸ்டேடியத்தில் 2000-இலிருந்து அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளே வரும்போது 'என்டர் சாண்ட்மேன்' ஒலிக்கும், கூட்டம் மொத்தமும் அடிக்கு ஒரு குதி குதிக்கும். 123 என்றால் விநாடிக்கு இரண்டு குதி. மனிதர்கள் சேர்ந்து குதிக்க மிக வசதியான வேகம் அதுவேதான், கட்டடப் பொறியாளர்கள் ஸ்டாண்ட் வடிவமைக்கும்போது அஞ்சும் அதிர்வெண்ணும் அதுவேதான். நிரந்தரக் கான்கிரீட் ஸ்டாண்ட் அதற்காகக் கணக்கிட்டுக் கட்டப்பட்டிருக்கலாம். குழாய் கட்டிப் பலகை போட்ட தற்காலிக கேலரி அப்படியில்லை. அங்கே 110-க்கும் 140-க்கும் நடுவில் உள்ள குதிக்கும் பாட்டுகளைப் போடவே வேண்டாம். பலகை பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்தால் அந்த நொடியே ஒலியை இறக்கி, அறிவிப்பு கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். அடுத்த பாட்டு மெதுவானதாக இருக்கட்டும்.

நாலாம்வரிசை

பாட்டை வெட்டித் தயார்செய்வது எப்படி? எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி வெட்டினால் சில ஸ்டாண்டில் கிதாரே கேட்பதில்லை என்கிறார்களே.

மிக்ஸர்மேசை

கிதார் காணாமல் போவதற்குக் காரணம் ஸ்டீரியோ. ராக் பதிவுகளில் ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது என்று வைப்பது வழக்கம். 60-கள், 70-களின் பதிவுகள் சிலவற்றில் ஒரு கருவி முழுக்க ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். மைதானத்தில் இடது சேனல் ஒரு ஸ்டாண்டுக்கும் வலது சேனல் மறு ஸ்டாண்டுக்கும் போனால் பாதிப் பேருக்குப் பாதிப் பாட்டுதான். ஆகவே முதல் வேலை மோனோவாக்குவது, அதாவது இரு சேனலையும் ஒன்றாகச் சேர்ப்பது. மோனோவாக்கியதும் நடுவில் இருந்த குரலும் டிரம்மும் கொஞ்சம் தூக்கலாகும், ஓரக் கிதார்கள் சுமார் 3 டெசிபல் தணியும். ரிஃப்தான் முக்கியம் என்றால் 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். சில அகலமான கீபோர்டு ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேட்டுப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அடுத்து எடுப்பு. ஒலியலையைப் பெரிதாக்கி, முதல் அடி எழும் இடத்துக்கு 5 முதல் 10 மில்லிவிநாடி முன்னால் வெட்டி, அந்தத் துணுக்கு நேரத்துக்கு மட்டும் ஃபேட் இன் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது). அடியின் மேலேயே வெட்டினால் 'டிக்' என்று சத்தம் வரும். அதிகமாக முன்னால் வெட்டினால் பொத்தானை அமுக்கிய பிறகு ஒரு வெறுமை விழும். விக்கெட் விழுந்த நொடியில் அந்தக் கால் விநாடி வெறுமைதான் கொண்டாட்டத்தைக் கொல்லும்.

நீளத்தை விநாடியில் முடிவு செய்யாதீர்கள், சுற்றில் முடிவு செய்யுங்கள். 124 வேகத்தில் 16 அடிக்கு 7.7 விநாடி, 81 வேகத்தில் அதே 16 அடிக்கு 11.9 விநாடி. சுற்றின் நடுவில் அறுத்தால் கூட்டம் தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும். முடிவில் ஒன்றரை விநாடி ஃபேட் அவுட். பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கினால் இன்னொரு கவனம் தேவை: 70-களின் குழுக்கள் பெரும்பாலும் க்ளிக் (தாளம் காட்டும் கருவியின் ஓசை) கேட்டு வாசிக்கவில்லை, காலப்பிரமாணம் உள்ளுக்குள் ஏறி இறங்கும். கணக்குப் போட்டு வெட்டினால் மூன்றாவது சுற்றில் தடுக்கும். காதையும் அலைவடிவத்தையும் நம்பி வெட்டுங்கள்.

ஒலி அளவைச் சமப்படுத்துவதும் கட்டாயம். பழைய பதிவுகள் 90-களுக்குப் பிந்தையவற்றைவிடப் பல டெசிபல் தணிவு. எல்லாத் துண்டுகளையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரி ஒலியின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால், ஆட்டத்தின் நடுவில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. துண்டுகள் வேவ் கோப்பாகக் கணினியிலேயே இருக்கட்டும். ஸ்ட்ரீமிங்கை நம்பினால் கூட்டம் நிறைந்து நெட்வொர்க் திணறும் நேரத்தில்தான் நின்றுபோகும்.

தூரக்கணக்கு

பேஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பல மைதானங்களில் கம்பத்தில் இருப்பவை அறிவிப்புக்கான ஹார்ன் ஸ்பீக்கர்கள். அவற்றில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் உருப்படியாக வராது. கிக் டிரம்மையும் பேஸ் கிதாரையும் நம்பி நிற்கும் பாட்டு அங்கே எலும்பில்லாமல் ஆகிவிடும். இதைச் சரிசெய்வதாக நினைத்து பேஸைத் திருகி ஏற்றினால் ஆம்ப்ளிஃபயரில் ஒலி சிதையும், ஹார்னின் டயாஃப்ரம் கிழியும். செய்ய வேண்டியது நேர்மாறு: கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டரால் அறுத்துவிட்டு, கிதாரின் நடு ஸ்தாயி சுமக்கும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டக்காரி

பார்வையாளர் பக்கமே பேசுகிறோம். பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இதே வேகக் கணக்கு உதவும். நெடுந்தூரம் ஓடும்போது காலடி நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழும். 80 முதல் 90 வரை உள்ள ராக் பாட்டு இரட்டிப்பாகப் பொருந்திவிடும். 81-இல் ஓடும் பாட்டு 162 காலடிக்குச் சரி. 'ஐ ஆஃப் த டைகர்' 109 என்பதால் ஓட்டத்தில் எதனோடும் சேராது, காலடி பாட்டோடு சண்டை போடும். அதை வார்ம் அப்புக்கோ எடை தூக்கும் செட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராஜார்ஜிஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மிதமான உழைப்பில் இசை சோர்வு உணர்வைக் குறைக்கும், உச்ச உழைப்பை நெருங்கியதும் உடம்பின் குரல்தான் ஓங்கும், இசை பின்னால் போய்விடும். ஆகவே முழு வேக ஸ்பிரிண்டுக்குப் பாட்டுப் பட்டியல் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நடுவில் வரும் ஓய்வுக்கும் தொடக்கத்துக்கும் தேடுங்கள். உலகத் தடகள விதிகளின்படி போட்டி நடக்கும் இடத்தில் பாட்டுக் கருவி வைத்திருக்க முடியாது என்பதால், பாட்டின் துணையில்லாமலும் வேகத்தைப் பிடிக்கப் பழகிக்கொள்வது அவசியம்.

நாலாம்வரிசை

ஸ்பீக்கரே இல்லாமல் ஸ்டாண்டிலிருந்து ஒரு ரிஃப்பைக் கிளப்ப வேண்டும் என்றால்?

பக்கவாத்தியம்

ஒரு பெரிய டிரம், ஒரு தலைவர், ஒளி. ஒளி என்று ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணுக்குத் தாமதம் கிடையாது. தலைவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, கீழ் வரிசையின் நடுவில் உயரமாக நிற்க வேண்டும். இரு கைகளும் தலைக்கு மேல். தூரத்து வரிசைகள் காதால் டிரம்மைப் பின்பற்றினால் இழுக்கும், கண்ணால் கையைப் பின்பற்றினால் இழுக்காது. டிரம்காரர் தலைவரின் பக்கத்திலேயே நின்று அவர் கையை மட்டும் பார்க்கட்டும். எதிர் ஸ்டாண்டின் சத்தத்துக்கு டிரம்காரர் மயங்கினால் எல்லாம் போச்சு.

முதல் இரண்டு சுற்று டிரம் மட்டும். மூன்றாவது சுற்றில் பக்கத்து நூறு பேர். அது கெட்டியான பிறகே மற்றவர்களை அழைக்கும் கைக்குறி. எடுத்த எடுப்பிலேயே மொத்த ஸ்டாண்டையும் இழுத்தால் ஆளுக்கொரு இடத்தில் எடுப்பார்கள். நிற்கும் இடமும் முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும், எட்டு சுற்று போதும். தேய்ந்து தேய்ந்து சாகும் கோஷம் அடுத்ததையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஓட்டக்காரி

காதுகளை மறக்க வேண்டாம். 2014 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் ஸ்டேடியத்தில் கூட்டம் 142.2 டெசிபல் எட்டி உலக சாதனை படைத்தது. சாதனையாகக் கேட்கப் பெருமைதான், காதுக்கு அது காயம். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். நுரை அடைப்பானை மெல்லிய குச்சி போல் உருட்டி, எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை 20, 30 விநாடி விரலால் அழுத்தி வைக்க வேண்டும். பாதி வெளியே துருத்தினால் போட்டும் போடாததும் ஒன்றுதான். சின்னக் குழந்தைகளுக்கு அடைப்பான் வேண்டாம், தலைக்கு மேல் மாட்டும் இயர்மஃப் கொடுங்கள்.

இடிதாளம்

கடைசியாக ஒன்று. கூரை போட்ட உள்ளரங்கில், கைப்பந்து, கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களில், தூரம் குறைவு. அங்கே வேகமான பாட்டுக்குக் கதவு திறக்குமா?

மிக்ஸர்மேசை

தூரத்தின் தொல்லை குறையும், முழக்கத்தின் தொல்லை கூடும். தகரக் கூரையும் மரத்தரையும் மொட்டைச் சுவரும் இருந்தால் ஒலி அடங்க 3 முதல் 5 விநாடி ஆகும். 180 வேகத்தில் ஓர் அடியின் முழக்கம் அடங்குவதற்குள் ஒன்பது முதல் பதினைந்து அடி மேலே வந்து குவியும். ஆகவே மௌனமும் நீட்டலும் உள்ள பாட்டுகள்தான் இங்கேயும். மிதியைவிடக் கைதட்டு தெளிவாக நிற்கும், மிதியின் கனத்த ஓசைதான் கூரையில் நெடுநேரம் சுற்றும்.

ஒரு மூலையில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு வைப்பதைவிட, ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் பலவாக, தலையை நோக்கிச் சாய்த்து வைப்பது நல்லது. முதல் ஸ்பீக்கரிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருப்பதற்கு 40-ஐ 343-ஆல் வகுத்து 117 மில்லிவிநாடி, அதோடு 10 முதல் 15 மில்லிவிநாடி சேர்த்துத் தாமதம் கொடுங்கள். அப்போது ஒலி மேடைப் பக்கத்திலிருந்தே வருவதாகக் காது ஏற்றுக்கொள்ளும். காலி அரங்கில் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு தட்டி, அது அடங்கும்வரை எண்ணிப் பாருங்கள். ஆட்கள் நிறைந்ததும் அந்த எண்ணிக்கை குறையும், உச்ச ஸ்தாயியை உடம்புகளும் உடைகளும் உறிஞ்சிக்கொள்ளும். காலி அரங்கில் வைத்த டோனை அப்படியே விடாமல், முதல் கால் மணி நேரம் ஆட்டம் ஓடியதும் கடைசி வரிசைக்குப் போய் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு வந்து திருத்துங்கள்.